ஷாத்தியோன் பங்கில் ஒரு கோடைகாலம்



அர்ச். வின்சென்ட் தெ பவுல் என்பவருடைய படத்தை நீங்கள் கோவிலிலோ வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். நரைத்த தாடி, தலையை ஒட்டிய சிறு கறுப்புத் தொப்பி, கையிலே ஓர் அனாதைக் குழந்தை, அங்கியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழந்தை. படம் எழுதினவர்கள் பேரில் குற்றமில்லை. பாரீஸ் நகரத்தில் தெருவோரத்திலும் கோவில் வாசலிலும் விடப்பட்ட சிசுக்களுக்காக அவர் 1638-ம் வருஷம் தொடங்கிப் பாடுபட்டது மெய்யே. ஆனால் அந்தப் படத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, அவர் கிழவராகவும் இரக்கமுள்ளவராகவுமே பிறந்தார் என்று தோன்றிவிடுகிறது. அவர் அப்படிப் பிறக்கவில்லை. இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது அந்தக் கிழவரைப் பற்றியல்ல. முப்பத்தாறு வயதுள்ள ஒரு பங்குக் குருவையும், அவருடைய பங்கில் நடந்த ஒரு கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமையையும் பற்றியே.

முதலில் அவர் யாரென்று சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். பிரான்சு தேசத்தின் தென்மேற்கிலே, தாக்ஸ் என்னும் ஊருக்கு அருகே புய் என்ற கிராமத்தில், 1581-ம் வருஷம் ஏப்ரல் மாதம் குடியானவர் வீட்டில் பிறந்தார். பிள்ளைகள் ஆறு பேரில் அவர் மூன்றாமவர். சிறு வயதில் ஆடு மாடு மேய்த்தவர். பையன் புத்திசாலி என்று கண்ட தகப்பனார், குருவானால் குடும்பம் தலையெடுக்கும் என்று எண்ணி, தாக்ஸ் நகரத்துப் பள்ளியில் சேர்த்தார்; பிற்பாடு துலூஸ் சர்வகலாசாலைப் படிப்புக்காக ஒரு ஜோடி எருதுகளையும் விற்றார். உழவனுக்கு எருது என்றால் என்ன என்று நம் ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தகப்பனார் ஒருநாள் மகனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். கிழிந்த உடை, கால் வேறே ஊனம். தோழர்கள் முன்னிலையில் அவரைத் தன் தகப்பன் என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, மகன் அவரோடு பேச வெளியே போகவில்லை. இதைப் பிறர் கண்டு எழுதி வைக்கவில்லை. வின்சென்ட் தாமே கிழ வயதிலும் மறக்காமல் துக்கத்தோடு சொல்லிக்கொண்ட காரியம் இது.

பத்தொன்பது வயதிலே, 1600-ம் வருஷம் செப்டம்பர் மாதம், குருப்பட்டம் பெற்றார். இருபத்துநாலு வயது நிறைய வேண்டும் என்று திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்திருந்தும், அந்தக் காலத்தில் பிரான்சில் அதைச் சரியாய்க் கைக்கொண்டவர்கள் குறைவு. அவருடைய ஆசையெல்லாம் நல்ல வருமானமுள்ள ஒரு கோவில் மானியத்தைச் சம்பாதித்து, தாயாரையும் சகோதரரையும் காப்பாற்றி, ஊரோடு சுகமாயிருக்க வேண்டும் என்பதே. அதற்காகப் பத்து வருஷம் அலைந்தார். நடுவில் கடற்கொள்ளைக்காரர் கையில் அகப்பட்டுத் தூனிசில் அடிமையாயிருந்ததாக அவர் எழுதின கடிதம் உண்டு. சரித்திர ஆசிரியர்கள் பலர் அதைச் சந்தேகிக்கிறபடியால் நாம் அதைத் தாண்டிப் போவோம். 1608-ம் வருஷம் பாரீசுக்கு வந்தார். அங்கே திருட்டுப் பழி ஒன்று அவர் பேரில் விழுந்தது. எதிர்த்து வழக்காடாமல் பொறுத்திருந்தார். பிற்பாடு உண்மையான திருடன் வெளிப்பட்டான். விசுவாசத்துக்கு விரோதமான கடும் சோதனையும் அவரை நெடுநாள் வருத்தியது. விசுவாசப் பிரமாணத்தைக் காகிதத்தில் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சோதனை வரும்போதெல்லாம் அதன்மேல் கையை வைப்பாராம். வாய்க்கு வார்த்தை வராத நேரத்தில் கையாவது செபிக்கட்டும் என்பது அவருடைய எண்ணம்.

1612-ம் வருஷம் பாரீசுக்கு வெளியே கிளிஷி என்ற சிறு பங்கைப் பெற்றார். குடியானவர்கள் நடுவில் அவருக்கு மனம் நிறைந்தது. ஆனால் அடுத்த வருஷமே கோந்தி என்னும் பெரும் பிரபுவின் மாளிகைக்குப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராய்ப் போக வேண்டியதாயிற்று. அந்தப் பிரபு அரசனுடைய தண்டுவலிக்கும் கப்பற்படைக்குத் தளபதி. கனம், பட்டு மெத்தை, பெரிய மனிதர் சகவாசம் எல்லாம் அங்கே இருந்தன. முன்பு அவர் தேடி அலைந்ததும் இதையே. கிடைத்தபோதோ அது அவருக்கு ருசிக்கவில்லை.

1617-ம் வருஷம் சனவரி மாதம், அந்தப் பிரபுவின் கிராமங்களில் ஒன்றிலே சாகக் கிடந்த ஒரு குடியானவனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போனார். ஊரெல்லாம் நல்லவன் என்று மதித்த அந்த மனிதன், வெட்கத்தினால் பல வருஷமாய்ப் பாவங்களை மறைத்து வந்தவன். முழுதும் சொல்லித் தீர்த்த சந்தோஷத்தில், வருவோர் போவோரிடமெல்லாம் அவனே அதைச் சொன்னான். பிரபுவின் மனைவியார் கேட்டு நடுங்கிவிட்டார். நல்லவன் என்று பெயரெடுத்தவன் நிலையே இதுவானால் மற்றவர்கள் கதி என்ன? அம்மாளின் வேண்டுகோளின்படி வின்சென்ட் சனவரி 25-ந் தேதி, அர்ச். சின்னப்பர் மனந்திரும்பின திருநாளன்று, போல்வீல் கோவிலில் பொதுப் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். சனங்கள் வந்து நெருக்கின நெருக்கத்தில் அவரால் சமாளிக்க முடியவில்லை. அமியேன் நகரத்துச் சேசு சபைக் குருக்களை உதவிக்கு அழைக்க வேண்டியிருந்தது. கிராமத்துச் சனங்களின் ஆத்துமம் எவ்வளவு பட்டினியாய்க் கிடக்கிறது என்று அவருக்கு அன்றுதான் விளங்கிற்று. அதன்பின் மாளிகை வாழ்வு அவருக்கு முள்ளாயிற்று. பிரபுவுக்கும் அம்மாளுக்கும் சொல்லாமலே, தம்முடைய ஞானத் தந்தையாகிய பெருல் குருவின் ஏற்பாட்டின்படி, தூரத்திலிருந்த ஒரு பங்குக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். லியோன் நகரத்துக்கு வடக்கே, குளங்களும் சதுப்பு நிலமும் நிறைந்த தோம்ப் நாட்டிலிருந்த ஷாத்தியோன் என்ற ஊரே அது.

வாசகரே, அந்தப் பங்கு இருந்த நிலைமையையும் கேளுங்கள். குருவின் வீடு குடியிருக்கத் தகாதபடி கிடந்தது. கோவிலைச் சேர்ந்த வயது சென்ற குருக்கள் ஆறு பேர், குருத்துவத்துக்கு ஏற்காத நடத்தையோடு, அவரவர் மனம்போல இருந்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு ஆடலும் அலங்காரமுமே வேலை. புதுக் குரு தங்குவதற்கு இடம் கொடுத்தவர் கல்வின் சபையைச் சேர்ந்த பெய்னியே என்ற வாலிபர். அந்த வாலிபர் பிற்பாடு தாமாகவே கத்தோலிக்கரானார். அது வேறு கதை. வின்சென்ட் விடியுமுன் எழுவார், தம் அறையைத் தாமே பெருக்குவார், தியானித்துப் பூசை செய்வார், பிறகு வீடு வீடாய்ப் போவார். குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்ல வேண்டி அந்தப் பக்கத்துக் கொச்சைப் பேச்சையும் கற்றுக்கொண்டார். அந்த வயதான குருக்களைப் பற்றி மேற்றிராணியாருக்குப் பிராது எழுதாமல், அவர்களைக் கூட்டிச் சேர்த்து ஒரே வீட்டில் ஒழுங்காய் வாழச் செய்தார். எப்படிச் செய்தாரோ! குருக்களைத் திருத்துவது சனங்களைத் திருத்துவதைவிடக் கடினம் என்று குருவாயிருக்கிற நானே சொல்லலாம்.

இனி நான் சொல்ல வந்த நாள். 1617-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அது ஆவணி. அவர்களுக்கோ நல்ல கோடை, வெயில் எரிக்கிற காலம். வின்சென்ட் பூசைக்காகத் திருவுடைகளை அணிந்துகொண்டிருந்தார். அப்போது ஓர் அம்மாள் வந்து ஒரு சங்கதி சொன்னாள். ஊருக்கு வெளியே, ஏறக்குறைய கால் காத தூரத்தில், தனியாயிருக்கிற ஒரு வீட்டில் எல்லோரும் வியாதியாய்ப் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட எழுந்து நிற்கிறவர் இல்லை. அவர்களுடைய வறுமையோ சொல்லி முடியாது.

பிரசங்கத்தில் அவர் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். நெஞ்சிலே பட்டதை அப்படியே சொன்னார் போலும். தாம் பேசினதைவிடச் சர்வேசுரனே கேட்டவர்களுடைய இருதயத்தைத் தொட்டதாக அவர் பிற்காலத்தில் நினைவு கூருவார்.

மாலைச் செபம் முடிந்தபின், ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார். வழியிலே கண்ட காட்சி அவரைத் திகைக்க வைத்தது. அவருக்கு முன்னே பெண்கள் கூட்டம் கூட்டமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே இன்னும் பலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வெயில் கடுமையானபடியால், பாதையோரத்திலே அங்கங்கே உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்கள் வேறே. நம்மூரில் தேர்த் திருநாளுக்கு நடந்து போகிற சனங்கள் புளியமரத்து நிழலில் உட்காருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது ஒரு சுற்றுப்பிரகாரத்தைப் போலவே ஆகிவிட்டது. எல்லோரும் போனது அந்த ஒரே வீட்டுக்கு. ரொட்டியும் இறைச்சியும் ரசமும் மற்றதும் வீட்டிலே குவிந்தன.

வின்சென்ட் உள்ளே போய் வியாதிக்காரர்களைப் பார்த்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், கடினமாயிருந்தவர்களுக்குத் தேவநற்கருணை கொண்டு வந்து கொடுத்தார்.

இங்கே கதை முடிந்திருந்தால் நாம் சந்தோஷப்படலாம். ஒரு பிரசங்கம் சொன்னோம், ஊரே திரண்டு போய் உதவி செய்தது. வேறே என்ன வேண்டும்? எந்தப் பங்குக் குருவும் அன்று இரவு மனநிறைவோடு படுத்திருப்பார். வின்சென்ட் அப்படிப் படுக்கவில்லை. அவர் குடியானவன் மகன். வீட்டில் பண்டம் குறைவாயிருந்தால் எப்படிச் செலவழிக்க வேண்டுமென்று அறிந்தவர். அந்த வீட்டில் குவிந்ததை அவர் பார்த்தபோது, இன்று தின்ன முடியாதபடி மிஞ்சியிருக்கிற இது நாளைக்கு இந்த வெயிலில் கெட்டுப்போகும், நாளை மறுநாள் இவர்கள் முன்போலப் பட்டினியாய்க் கிடப்பார்கள் என்று அவருக்குத் தோன்றிற்று. இந்த வீட்டுக்கு ஐம்பது பேர் வந்தார்கள். பிரசங்கத்தில் பெயர் சொல்லப்படாத அடுத்த வீட்டுக்கு யார் போவார்கள்? சனங்களிடத்தில் இரக்கம் இல்லாமலில்லை. இரக்கம் வேண்டியமட்டும் இருந்தது. அதற்கு ஓர் ஒழுங்குதான் இல்லை.

மூன்று நாளைக்குப் பின், ஆகஸ்டு 23-ந் தேதி புதன்கிழமை, ஊரிலுள்ள பக்தியுள்ள பெண்கள் சிலரைக் கூட்டினார். அவர்களில் பிரான்சுவாஸ் பாஷே, ஷார்லோத் தெ பிரீ என்ற இரண்டு பேர் இருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு முன்புவரை உல்லாசத்துக்குப் பேர்போனவர்கள்; வின்சென்டின் பிரசங்கத்தால் மனம் மாறினவர்கள். அவர் சொன்ன யோசனை மிகவும் எளிது. எல்லோரும் ஒரே நாளில் சமைக்க வேண்டாம். முறை வைத்துக்கொண்டு, ஒருநாளுக்கு ஒருவராகச் சமையுங்கள். இந்த வீட்டுக்கு மட்டுமல்ல, பங்கிலே வியாதியாய்க் கிடக்கிற எந்த ஏழைக்கும் அப்படியே செய்யுங்கள். இவ்வளவுதான். பெண்கள் சம்மதித்தார்கள்; மறுநாளே முறை ஆரம்பமாயிற்று.

வின்சென்ட் உடனே சட்டம் எழுதி அவர்கள் கையில் கொடுக்கவில்லை. மூன்று மாதம் நடக்கட்டும் என்று விட்டுப் பார்த்தார். எது நடக்கும், எது நடக்காது என்று கண்டபின்பே எழுதினார். லியோன் அதிமேற்றிராசனத்தின் அங்கீகாரம் நவம்பர் 24-ந் தேதி கிடைத்தது. டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, பிறர்சிநேக சபை முறைப்படி ஸ்தாபிக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தை வாசிக்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஞானக் காரியம் பேசுகிற புத்தகம் என்று எடுத்தால், பாதிக்குப் பாதி சமையல்கட்டு விஷயமாயிருக்கிறது. வியாதிக்காரருக்கு வேண்டிய ரொட்டி எவ்வளவு, ஆட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ ஐந்து அவுன்சு, ரசம், கொஞ்சம் திராட்ச ரசம். சுத்தபோசன நாளானால் இறைச்சிக்குப் பதில் இரண்டு முட்டையும் சிறிது வெண்ணெயும். கெட்டியானதைச் சாப்பிட முடியாதவருக்குக் கஞ்சியும் முட்டையும் நாளைக்குப் பலமுறை. எல்லாம் கணக்காய் எழுதியிருக்கிறது. தர்மம் செய்கிறவர்கள் கையில் வந்ததைக் கொடுப்பதே வழக்கம். வியாதிக்காரருக்கு எது தேவையோ அதை நினைத்து இந்தச் சட்டம் எழுதப்பட்டது.

அதைவிட, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிற பகுதியை நம் வீட்டுத் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முறைக்காரி உணவைத் தானே கொண்டு போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் வியாதிக்காரரை முகமலர்ச்சியோடும் பட்சத்தோடும் விசாரிக்க வேண்டும். கட்டிலின்மேல் பலகையைச் சரிப்படுத்தி, துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் வைத்து, வியாதிக்காரருடைய கையைக் கழுவி, போசன செபம் சொல்லி, ரசத்தை ஊற்றி, இறைச்சியைத் தட்டில் வைத்து, சேசுநாதர் சுவாமியையும் தேவமாதாவையும் முன்னிட்டுச் சாப்பிடும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். தன் சொந்த மகனுக்குச் செய்வதுபோலச் செய்ய வேண்டும். தேவையானால் இறைச்சியை நறுக்கிக் கொடுக்க வேண்டும். மனம் சோர்ந்திருந்தால் சந்தோஷமாய் ஏதாவது பேசி உற்சாகப்படுத்த வேண்டும்.

பின்னும் ஒன்று உண்டு. இதை வாசித்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடி வைத்தேன். ஒரே நாளில் பல வியாதிக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தால், முதலில் யார் வீட்டுக்குப் போவது? பார்த்துக்கொள்ளத் துணை இருக்கிறவர்களிடத்தில் முதலில் போய், துணையில்லாமல் தனியாய்க் கிடப்பவர்களிடத்தில் கடைசியில் போக வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. தனியாயிருப்பவர் காத்திருக்கட்டும் என்றா? இல்லை. கடைசி வீடானால் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரமில்லை. அவரோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம். வியாதியில் தனியாய்க் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மற்றக் காரியங்களையும் அவர் விட்டுவிடவில்லை. அங்கத்தினர் இருபது பேருக்கு மேற்பட வேண்டாம். மேற்பட்டால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி ஒருத்தி, பொக்கிஷக்காரி ஒருத்தி. மெய்யாகவே ஏழைதானா என்று விசாரித்தபின்பே வியாதிக்காரரைச் சபைப் பொறுப்பில் ஏற்க வேண்டும். ஏற்றபின் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கும்படி புத்தி சொல்லி, பாடுபட்ட சுரூபம் ஒன்றை அவர் கண்ணுக்கு எதிரே மாட்டிவைக்க வேண்டும். மாற்று உடை இல்லையென்றால் சபையிலிருந்து வெள்ளைச் சட்டை கொடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். செத்துப்போனால் அடக்கச் செலவைச் சபை ஏற்று, அங்கத்தினர்கள் கூடவே கல்லறைவரை போக வேண்டும். பிள்ளையை அடக்கம் பண்ணப் போகிற தாயின் ஸ்தானத்தில் அவர்கள் போகிறார்கள் என்பது அவருடைய கருத்து.

தகப்பனார் கிழிந்த உடையோடு வந்தபோது வெளியே வராத பையன் எழுதின சட்டம் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஷாத்தியோனில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. கோந்தி அம்மாள் அழுது கடிதம் எழுதியும், பெரியவர்களைக் கொண்டு சொல்லியும், அவரைத் திரும்ப அழைத்தபடி இருந்தார். அந்த வருஷம் கிறிஸ்துமசுக்குள் வின்சென்ட் பாரீசுக்குத் திரும்பிவிட்டார். பங்கு அவருடைய உதவிக் குருவாகிய லூயி ஜிரார் கையில் வந்தது. சில மாதமே இருந்த குரு போய்விட்டார்; ஆனால் பெண்களுடைய முறை நிற்கவில்லை. நம் பங்குகளிலும் ஒரு குரு மாறிப் போனவுடன் அவர் தொடங்கின சபைகள் வாடிப்போவதைக் காண்கிறோமல்லவா? ஷாத்தியோனில் அப்படி நடக்காததற்குக் காரணம், வேலை குருவின் கையில் இல்லாமல் முதலிலிருந்தே அவர்கள் கையில் இருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

கோந்தி மாளிகைக்குத் திரும்பினபோது, இனிக் கிராமங்களில் பிரசங்கம் செய்ய விடுதலை வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் திரும்பினார். பிரசங்கம் செய்த இடமெல்லாம் இதே சபையை ஏற்படுத்தினார். 1618-ம் வருஷத்திலேயே வில்ப்ரே, ழுவாஞி, மோன்மிராய் ஆகிய ஊர்களில் அது தோன்றிற்று. கோந்தி அம்மாளும் அதில் அங்கத்தினரானார். 1619-ல் தண்டுவலிக்கும் கைதிகளுக்கு அரசாங்கத்து ஞானகுருவாக நியமிக்கப்பட்டார். 1625-ல் கிராமங்களுக்குப் பிரசங்கிக்கும் மிஷன் சபைக் குருக்களை ஸ்தாபித்தார். இவற்றையெல்லாம் விரித்தால் இந்தத் தாள் போதாது.

ஆனால் ஷாத்தியோன் முறை பாரீசுக்கு வந்தபோது நேர்ந்த ஒரு சங்கடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிராமத்தில் அம்மாளே சமைத்தாள், அம்மாளே சுமந்தாள். பாரீசில் சேர்ந்தவர்களோ பிரபுக்களின் மனைவிமார். பணம் தாராளமாய்க் கொடுத்தார்கள். சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி, நாற்றமெடுக்கும் அறைக்குள் போவதற்குச் சிலருக்கு வெட்கம். சிலருடைய கணவர்மார் தொற்றுநோய்க்குப் பயந்து தடுத்தார்கள். ஆகவே வேலைக்காரிகளை அனுப்பினார்கள். வேலைக்காரிகளோ எசமானிக்குப் பயந்து பானையை வைத்துவிட்டு வந்தார்கள். ஆகாரம் போய்ச் சேர்ந்தது. கட்டிலருகே உட்காருகிறவர் இல்லை. சட்டத்திலே எழுதியிருந்ததில் பாதி அப்படியே காணாமற்போயிற்று.

வின்சென்டும், அவருக்கு வலதுகையாயிருந்த லூயிஸ் தெ மரியாக் என்ற விதவை அம்மாளும் இதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது, 1630-ம் வருஷ வாக்கில் சுரேன் என்ற கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மார்கரீத் நசோ என்பது அவள் பெயர். மாடு மேய்த்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை, அரிச்சுவடி ஒன்றை வாங்கி, வழியோடு போகிற எழுத்தறிந்தவர்களை நிறுத்தி எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிற்பாடு ஊர் ஊராய்ப் போய்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். பாரீசில் ஏழை வியாதிக்காரர்களுக்குப் பணிவிடை செய்ய ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத் தானாகவே வந்தாள். சட்டத்தில் எழுதியிருந்ததை ஒன்றுவிடாமல் செய்தாள். அவளைக் கண்டு வேறு கிராமத்துப் பெண்களும் வந்தார்கள். கொள்ளைநோய் கண்ட ஓர் ஏழைப் பெண்ணைப் படுக்க வைக்க இடமில்லாமல் தன் படுக்கையிலேயே படுக்க வைத்து, அந்த நோயே தொற்றி, 1633-ம் வருஷம் மரித்தாள். அதே வருஷம் நவம்பர் 29-ந் தேதி லூயிஸ் அம்மாள் தம் வீட்டிலே அந்தப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களே பிறர்சிநேகப் புத்திரிகள் என்னும் கன்னியர். மார்கரீத் அந்தச் சபையின் பேர் ஏற்படுமுன்பே இறந்துபோனாள். இருந்தாலும் அவளையே வின்சென்ட் முதல் புத்திரியாக எண்ணினார். அந்தக் கன்னியரைக் கூட்டி வைத்துப் பேசும்போது, அவர்களுடைய சபை எங்கே பிறந்தது என்பதற்கு அவர் ஷாத்தியோன் ஊர்ப் பாதையையும், அந்த வெயிலையும், வழியோரம் உட்கார்ந்திருந்த பெண்களையும் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

1660-ம் வருஷம் மார்ச்சு மாதம் லூயிஸ் அம்மாள் இறந்தார். அவரைப் போய்ப் பார்க்கக்கூட முடியாதபடி வின்சென்டுக்குக் காலெல்லாம் புண். அதே வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி, வழக்கமாய்த் தியானத்துக்கு எழுகிற அதிகாலை வேளையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆண்டவரிடம் சென்றார். 1737-ம் வருஷம் பன்னிரண்டாம் கிளெமெந்து பாப்பு அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தார். 1833-ல் பாரீஸ் நகரத்து மாணவர் பிரடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் ஏழைகளை வீட்டிற்கே போய்ச் சந்திக்கும் சபை ஒன்றைத் தொடங்கி, இவருடைய பாதுகாவலில் வைத்தார்கள். நம் பங்கில் வின்சென்ட் தெ பவுல் சபை என்று வழங்குவது அதுவே.

அவருடைய திருநாள் செப்டம்பர் 27-ந் தேதி வருகிறது. சபையார் வழக்கம்போல் வீடுகளில் பிடி அரிசி சேகரிக்க வருவார்கள். அரிசியோடு இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் தெருவில், மதவித்தியாசம் பாராமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படுத்திருப்பவர் யாராவது உண்டானால், வீட்டு அடையாளத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்களைக் காணாவிட்டால் என்னிடம் வந்து சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிற நேரமானாலும் சரியே.